விஸ்பி 1361: கவசமும் முகாம் பொருள்களும் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியைச் சுருக்கமாக இங்கே தருகிறேன்: "ஸ்வீடனில் வேலை பார்க்கிறேன். கோட்லாந்து தீவில் விஸ்பி நகரத்தில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் இடைக்கால வாரம் என்ற திருவிழாவுக்கு அடுத்த ஆண்டு போக நினைக்கிறேன். பார்வையாளனாக அல்ல, 1361 போரில் நின்ற ஒருவனாக உடுத்திக்கொண்டு, முகாமிலேயே தங்க ஆசை. கவசத்தை நானே செய்ய முடியுமா, வாங்குவது மேலா? எதை நம்பிப் படிப்பது? கூடாரம், பாத்திரம் எல்லாம் எப்படி?"

இரும்பைத் தொடுவதற்கு முன்னால் ஆளை முடிவு செய்யுங்கள். நீங்கள் 1361 என்று வருடத்தைச் சொல்லிக் கேட்டதே பாதி வேலையை முடித்துவிட்டது. பலர் "14ஆம் நூற்றாண்டு வீரன்" என்று தொடங்கிப் பணத்தைக் கரைக்கிறார்கள். அந்த நூற்றாண்டு தொடங்கும்போது போர்வீரன் உடம்பில் இருந்தது பெரும்பாலும் இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த வளையச் சட்டை. முடியும்போது வசதியுள்ளவன் தலை முதல் கால் வரை தகட்டுக்குள் இருந்தான். நடுவில் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் உருவம் மாறுகிறது. வட இத்தாலியில் சூர்பர்க் கோட்டையில் 1390 வாக்கில் செய்த அற்புதமான கவசங்கள் இன்றும் இருக்கின்றன. படத்தைப் பார்த்தால் யாருக்கும் அதுதான் வேண்டும் என்று தோன்றும். ஆனால் அது முப்பது வருடம் தள்ளி, வேறொரு நாட்டில், ஒரு பிரபு போட்டது. கோட்லாந்து விவசாயி உடம்பில் அதை ஏற்றினால் பொருந்தாது.

நீங்கள் தேர்ந்தெடுத்த ஊருக்கு வேறு எங்கும் இல்லாத ஒரு சாட்சி இருக்கிறது. 1361 ஜூலை 27 அன்று டென்மார்க் மன்னன் நான்காம் வால்டெமாரின் படை, விஸ்பி மதிலுக்கு வெளியே தீவின் விவசாயிகள் படையை அழித்தது. நகரத்தார் மதிலுக்கு உள்ளேயே இருந்துவிட்டு அப்புறம் சரணடைந்தார்கள். இறந்தவர்களை மதிலுக்கு வெளியே பெரிய குழிகளில் மொத்தமாகப் புதைத்தார்கள். வழக்கமாகச் செத்தவன் உடம்பிலிருந்து இரும்பை உரித்துக்கொள்வார்கள். இங்கே நிறையப் பேரைப் போட்டிருந்த கவசத்தோடே புதைத்துவிட்டார்கள். ஜூலை வெயிலில் உடல்கள் சீக்கிரம் அழுகத் தொடங்கியதுதான் காரணம் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம். 1905-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் விட்டு விட்டுத் தோண்டியதில் சுமார் 1,185 பேரின் எலும்புகளும், இருபதுக்கு மேற்பட்ட தகட்டுச் சட்டைகளும், ஏராளமான வளைய முக்காடுகளும், இரும்புக் கையுறைகளும் கிடைத்தன. பெங்ட் தோர்டெமன் 1939-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் கையில் வைத்திருக்கும் நூல். மறுபதிப்பும் வந்திருக்கிறது. முதல் செலவு அதற்காக இருக்கட்டும். அசல் பொருள்களைப் பார்க்க ஸ்டாக்ஹோமில் உள்ள வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் விஸ்பியில் உள்ள கோட்லாந்து அருங்காட்சியகத்துக்கும் போங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் தகட்டின் துருவைப் பார்த்தால்தான் அளவும் தடிமனும் மனதில் நிற்கும்.

அந்த எலும்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் சிறுவர்கள் உண்டு, கிழவர்கள் உண்டு, ஏற்கெனவே உடல் ஊனமுற்றிருந்தவர்களும் உண்டு. வெட்டுக்காயங்களில் கணிசமானவை முழங்காலுக்குக் கீழே. அவர்களில் ஒருவராக நீங்கள் உடுத்தப் போகிறீர்கள். அந்த நினைப்போடு செய்யும் வேலைக்கு ஒரு மரியாதை தானாகவே வரும்.

சரி, குழியே எல்லாவற்றையும் சொல்லிவிடுமா என்றால் சொல்லாது. மண்ணில் இரும்பு தங்கும், துணி மக்கிவிடும். தலைக்கவசத்துக்கு அந்தக் குழியை நம்பவே முடியாது. அதனால் நான்கு வகை ஆதாரங்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்க்க வேண்டும். தோண்டியெடுத்தவை ஒன்று. ஓவியங்கள் இன்னொன்று: 1338-க்கும் 1344-க்கும் இடையில் பிளாண்டர்ஸில் வரைந்த அலெக்ஸாண்டர் காவியச் சுவடி இப்போது ஆக்ஸ்போர்டில் இருக்கிறது, உங்கள் காலத்துக்கு மிகவும் பக்கம். கல்லறைச் சிலைகள் மூன்றாவது. அவை துல்லியமானவை, ஆனால் பணக்காரனை மட்டுமே காட்டும். நான்காவது எழுத்துப் பதிவுகள், அதாவது கோட்டைப் பொருள் பட்டியல்கள், உயில்கள், கைவினைஞர் சங்கங்களின் விதிகள், வியாபாரிகளின் கணக்குகள். பிரான்சில் அவிஞோன் நகரத்தில் கவச வியாபாரம் செய்த பிரான்செஸ்கோ தாத்தினியின் கடிதங்களும் கணக்குகளும் இத்தாலியில் பிராத்தோ நகரத்தில் மலை மாதிரிக் குவிந்திருக்கின்றன. ஓவியம் வெளித்தோற்றத்தைக் காட்டும், உள்ளே எப்படித் தைத்தார்கள் என்று காட்டாது. பட்டியலில் பெயர் இருக்கும், உருவம் இருக்காது. ஒரு பொருளுக்குக் குறைந்தது இரண்டு வகை ஆதாரமாவது கையில் இருந்தால் செய்யத் தொடங்குங்கள். "எல்லோரும் போடுகிறார்களே" என்பது ஆதாரத்தில் சேராது. ரீஎனாக்ட்மென்ட், அதாவது பழைய காலத்தைப் போல உடுத்தி வாழ்ந்து காட்டும் உலகத்தில் ஒருவரைப் பார்த்து இன்னொருவர் செய்து, தவறே வழக்கமாகிப்போன பொருள்கள் நிறைய.

துணிக்கு உங்களுக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம் இருக்கிறது. 1936-இல் ஸ்வீடனின் மேற்குக் கரைக்குப் பக்கத்தில் ஒரு சதுப்பு நிலத்தில் கிடைத்த மனிதனை பாக்ஸ்டன் மனிதன் என்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டுக்காரன். யாரோ கொன்று, உடம்பில் மரமுளை அடித்துச் சேற்றில் அழுத்தியிருக்கிறார்கள். அந்தச் சேறுதான் அவன் உடைகளைக் காப்பாற்றியது: கம்பளித் துணி அங்கி, மேலே போர்த்தும் அங்கவஸ்திரம், இரண்டு கால்களுக்கும் தனித்தனிக் காலுறை, நீண்ட வால் வைத்த முக்காடு, தோல் செருப்பு. வார்பெரி கோட்டை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஒரு சாதாரண மனிதன் உண்மையில் போட்டுத் தேய்த்த உடுப்பு, தலை முதல் கால் வரை ஒன்றாக. கிரீன்லாந்தில் ஹெர்யோல்ப்ஸ்னெஸ் என்ற இடத்தில் 1921-இல் தோண்டியெடுத்த உடைகள் கோபன்ஹேகனில் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு பலர் வெட்டு மாதிரி எடுத்திருக்கிறார்கள். இந்த இரண்டும் போதும், உங்கள் அலமாரி முடிந்தது.

அதனால் வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும்: லினன் உள்சட்டை, கம்பளி அங்கி, காலுறை, செருப்பு, முக்காடு. அதற்கு அப்புறம் பஞ்சு அடைத்த சட்டை. இரும்பு கடைசியில். ஆசை நேர்மாறாக இழுக்கும் என்பது தெரியும். ஆனால் முகாமில் மூன்று நாள் இருந்தால் கவசத்தோடு நிற்பது சில மணி நேரம்தான், மீதி நேரமெல்லாம் துணியோடுதான் இருப்பீர்கள். நல்ல துணியும் சரியான செருப்பும் உள்ளவன் கவசமே இல்லாவிட்டாலும் 1361-இல் நிற்பான். பாலியஸ்டர் அங்கிக்கு மேல் எவ்வளவு நல்ல இரும்பைப் போட்டாலும் நாடக மேடைதான். செருப்பு மட்டும் கைதேர்ந்தவரிடம் வாங்குங்கள். உள்பக்கம் வெளியே இருக்கும்படி தைத்து, அப்புறம் திருப்பிப் போடும் வகை அது, அடி தட்டையாக இருக்கும். ஈரப் புல்லில் வழுக்கும், நடந்து பழக வேண்டும்.

பஞ்சு அடைத்த சட்டையைப் பற்றிச் சொல்லும்போது லண்டன் கவசக்காரர்களின் 1322ஆம் ஆண்டு விதிகளை எடுத்துக்காட்டாமல் இருக்க முடியாது. பட்டு போர்த்திய சட்டைக்குள் என்ன அடைக்கலாம், வெள்ளைச் சட்டைக்குள் என்ன அடைக்கலாம் என்று தனித்தனியாகச் சொல்கிறார்கள். வெள்ளைச் சட்டைக்குப் பழைய துணியும் பஞ்சும் உள்ளே போகலாம், உள்ளும் புறமும் புதுத் துணியாக இருக்க வேண்டும். சாதாரண ஆளுக்கான செய்முறை இதுதான், நானும் இதையே சிபாரிசு செய்வேன். அதே விதிகளில் இன்னொரு செய்தி இருக்கிறது. உடைந்த பழைய தலைக்கவசங்களுக்கு மேலே புதுத் துணி போர்த்தி, நல்லது கெட்டது தெரியாதபடி ஊருக்கு வெளியே கொண்டுபோய் விற்கிறார்கள், அதனால் இனிமேல் துணி போர்த்தாமல் திறந்த இரும்பாகத்தான் விற்க வேண்டும் என்று கட்டளை போடுகிறார்கள். எழுநூறு வருடத்துக்கு முந்தைய சந்தையில் ஒரு ஏமாற்று வேலையை நேராகப் பார்ப்பது போல இருக்கிறது. இரும்புக்கு மேல் துணி போர்த்துவது சாதாரண வழக்கம் என்பதும் இதிலிருந்தே தெரிகிறது.

கடையில் கிடைக்கும் பஞ்சுச் சட்டைகள் பெரும்பாலும் தேவைக்கு மேல் தடித்தவை. மேலே தகடு வரப்போகிறது என்றால் மெல்லியதே போதும். கை அக்குளில் எப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்பதில்தான் சூட்சுமம். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது சட்டையின் இடுப்பு கூடவே மேலே ஏறினால் வெட்டு தப்பு. லியோன் துணி அருங்காட்சியகத்தில் சார்ல் த புளுவாவின் சட்டை என்று சொல்லப்படுவது இருக்கிறது. அவர் 1364-இல் இறந்தவர். அதில் கை பெரிய வட்டமாக மார்புக்குள்ளேயே நுழைந்து தைக்கப்பட்டிருக்கும். அது பட்டுடுத்திய பிரபுவின் உடை, துணியை நீங்கள் பின்பற்ற வேண்டாம். கையை எப்படிச் சுதந்திரமாக விட்டிருக்கிறான் என்று மட்டும் பாருங்கள்.

இனி தகட்டுச் சட்டை. இதை நீங்களே செய்ய முடியும், செய்ய வேண்டும் என்பது என் கருத்து. தலைக்கவசம் போல ஆழமாக அடித்துக் குழிவாக்கும் வேலை இதில் இல்லை. தோல் அல்லது துணியால் ஆன உறை வெளியே, இரும்புத் தகடுகள் உள்ளே, இரண்டையும் பிடித்திருப்பது ரிவிட். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு வரிசை வரிசையாக ரிவிட் தலைகள் மட்டும்தான் தெரியும். விஸ்பியில் கிடைத்தவற்றை தோர்டெமன் பல வகைகளாகப் பிரித்தார். சிலவற்றில் பெரிய தகடுகள், எண்ணிக்கை குறைவு. சிலவற்றில் சின்னத் தகடுகள் நூற்றுக்கணக்கில். ஒன்று முற்றிலும் வேறு மரபு, சிறு தகடுகளைக் கயிற்றால் கோத்தது. முதல் முறை செய்கிறவர் பெரிய தகடுகள் உள்ள வகையை எடுத்துக்கொள்ளுங்கள். தலை வழியாகப் போட்டு முதுகில் வாரும் பக்கிளும் வைத்து மூடுகிற வடிவம். தனியாக மாட்ட முடியாது, பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

உறை மக்கிப்போன பின்னும் ஆய்வாளர்கள் அதைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டால், ரிவிட்டைப் பாருங்கள். ரிவிட்டின் தலைக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி மிச்சம் இருக்கும். ஒரு காலத்தில் அங்கே உறை இருந்தது, அந்த இடைவெளிதான் அதன் தடிமன். தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று எந்தப் பக்கம் ஏறியிருக்கின்றன என்பதும் துருவில் பதிந்து கிடக்கிறது. இப்படிப் பட்டதை எல்லாம் படங்களில் தேடித் தேடிப் பார்த்த பிறகு அட்டையை எடுங்கள்.

அட்டையில் முழு மாதிரியும் வெட்டி, பஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு அதன் மேல் கட்டிப் பாருங்கள். உட்காருங்கள். குனிந்து செருப்பைத் தொடுங்கள். வலது கையால் இடது தோளைப் பிடியுங்கள். உட்காரும்போது கீழ் விளிம்பு தொடையில் இடித்து மார்புத் தகடு தொண்டைக்கு ஏறினால், நீளத்தைக் குறையுங்கள். அக்குள் பக்கம் தகட்டின் மேல் மூலைகளை உள்வாங்கி வெட்டுங்கள், இல்லையென்றால் கை முன்னால் வராது. இடுப்பு நன்றாகப் பிடித்திருக்க வேண்டும். எடை இடுப்பில் உட்கார்ந்தால் நாள் முழுக்கச் சுமக்கலாம், தோளில் தொங்கினால் ஒரு மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். அட்டை சரியாக வரும்வரை இரும்பு வாங்காதீர்கள்.

இரும்புக்கு 1.2 முதல் 1.5 மில்லிமீட்டர் மைல்ட் ஸ்டீல் தகடு போதும். ஜி.ஐ. தகடு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். அதன் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு, சூடாக்கினால் வரும் புகை காய்ச்சலையும் மூச்சுத் தொல்லையையும் கொண்டுவரும். தகடு வெட்டும் கத்தரியால் வெட்டி, விளிம்பை அரத்தால் ராவிப் பிசிறு போக்குங்கள். விரலை ஓட்டிப் பார்த்தால் எங்கும் கீறக் கூடாது. இதில் சோம்பினால் உங்கள் பஞ்சுச் சட்டைதான் முதலில் கிழியும். உடம்பின் வளைவுக்கு ஏற்றபடி ஒரு மரக்கட்டை மேலோ கனமான குழாய் மேலோ வைத்து வளைக்கலாம், அடுப்பு தேவையில்லை. மூலைகளை உருட்டிவிடுங்கள். அடுத்தடுத்த தகடுகள் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டராவது ஒன்றன் மேல் ஒன்று ஏறட்டும். துளை போட்டபின் ஒரேயடியாக எல்லாவற்றையும் ரிவிட் அடிக்காதீர்கள். முதலில் சின்னத் திருகாணி போட்டுப் பிடித்து, மாட்டி, நடந்து பாருங்கள். சரியாக இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றி ரிவிட் போடுங்கள். தலை வெளியே உறை மேல் உட்கார வேண்டும், வால் உள்ளே தகட்டின் மேல். வாலைத் துளைக்கு மேல் கொஞ்சம் மட்டும் விட்டு வெட்டி, உருண்டை முனைச் சுத்தியலால் சுற்றிச் சுற்றிச் சின்னச் சின்ன அடியாக அடித்தால் குமிழாகப் படியும். ஓங்கி அடித்தால் ரிவிட் வளைந்துவிடும். தோல் எடுத்தால் மரப்பட்டையில் பதனிட்டது வேண்டும். குரோம் பதனிட்ட சோபாத் தோல் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

வளையச் சட்டையும் முக்காடும் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். ஒரு முழுச் சட்டைக்கு இருபதாயிரத்துக்கு மேல் வளையங்கள் போகும். அந்தக் காலத்தில் வளையத்தின் முனைகளைத் தட்டையாக்கி, துளைத்து, குட்டி ரிவிட் வைத்து மூடினார்கள். பல சட்டைகளில் ஒரு வரிசை ரிவிட் வளையம், ஒரு வரிசை மூட்டே இல்லாத முழு வளையம் என்று மாறி மாறி வரும். முனைகளை வெறுமனே நெருக்கி வைத்த வளையம் இழுத்தால் வாய் பிளக்கும், அதை வாங்க வேண்டாம். இன்று உலகமெங்கும் ரீஎனாக்ட்மென்ட்காரர்கள் போடும் ரிவிட் வளையச் சட்டைகளில் பெரும்பங்கு இந்தியாவில் செய்யப்படுபவை. டேராடூன் இந்தத் தொழிலுக்குப் பெயர்போன ஊர். வாங்கும்போது வளையத்தின் விட்டத்தைக் கேளுங்கள், சின்னதே நல்லது. கையில் வந்ததும் பத்து இடத்தில் பிடித்து இழுத்துப் பாருங்கள். அக்குளில் துணி தைப்பது போல வடிவம் குறைத்து இறுக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் நீங்களே வளையங்களைக் கழற்றிப் பொருத்தலாம், குளிர்காலத்துக்கு நல்ல வேலை.

விவசாயிக்கு முழு வளையச் சட்டை கட்டாயம் இல்லை. முக்காடும் தகட்டுச் சட்டையுமே போதும், அதற்கு மேல் அகலமான விளிம்பு வைத்த இரும்புத் தொப்பி. இந்தத் தொப்பி அக்கால ஓவியங்களில் சாதாரணக் காலாட்கள் தலையில் அடிக்கடி வரும். அனுபவமுள்ள கொல்லரிடம் வாங்குங்கள். மோதல் ஆட்டத்தில் இறங்குவதாக இருந்தால் 2 மில்லிமீட்டர் தடிமனுக்குக் குறையக் கூடாது, உள்ளே மெத்தை வைத்த துணி கட்டாயம். முழு வேகத்தில் அடித்துக்கொள்ளும் கவச விளையாட்டு வேறு, அதற்கான கவசம் தடிப்பும் எடையும் கூடியது. அதற்கு விற்பதை வாங்கி வந்து இங்கே போட்டால் உருவமும் கெடும், உடம்பும் தாங்காது. கையுறை விரல் விரலாகச் செய்யும் நுணுக்கமான வேலை, இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முகாமுக்கு வருவோம். உண்மையைச் சொன்னால், சொந்த ஊரைக் காக்க ஓடிவந்த விவசாயியிடம் கூடாரம் இருந்திருக்காது. நீங்கள் தங்க வேண்டுமே, அதனால் கூடாரத்தை இடைக்காலத்தை ஒட்டிய ஒரு ஏற்பாடாக ஏற்றுக்கொள்ளுங்கள், பெரிய வண்ணப் பந்தலுக்குப் போகாதீர்கள். இரண்டு கம்பும் ஒரு முகட்டுக் கம்பும் உள்ள எளிய கித்தான் கூடாரம் போதும், சாயம் போடாத பருத்தி அல்லது லினன் கித்தான். நைலான் கயிறு, பளபளக்கும் உலோகக் கண்கள், பிளாஸ்டிக் இழுப்பான் இவை வேண்டாம். துளைகளை நூலால் சுற்றித் தைக்கலாம், கயிறு சணலாகவோ லினனாகவோ இருக்கட்டும். கோட்லாந்தில் கடல்காற்று பலமாக அடிக்கும், மர முளைகளை நீளமாகச் செதுக்கிக்கொள்ளுங்கள். முதல் மழையில் புதுக் கித்தான் ஒழுகும். நனைந்து காய்ந்த பிறகே நூல் ஊதி இறுகும், ஆகவே வீட்டிலேயே ஒருமுறை நனைத்துவிடுங்கள். மடிக்கும்போது ஈரம் இருந்தால் கரும்பூஞ்சணம் பிடிக்கும், அது போகவே போகாது.

உட்கார ஒரு மரப்பெட்டி போதும். ஆறு பலகை அடித்த பெட்டி துணிகளும் வைக்கும், நாற்காலியும் ஆகும், தூக்கப்பையையும் கைபேசியையும் மறைக்கும். இரண்டு பலகையை ஒன்றுக்குள் ஒன்று செருகும் நாற்காலி எல்லா முகாமிலும் தென்படும். இடைக்கால ஐரோப்பாவில் அதற்கு ஆதாரம் இல்லை, விட்டுவிடுங்கள். கடைசல் பிடித்த மரக்கிண்ணம், மரக்கரண்டி, இடுப்பில் ஒரு கத்தி, மண் குவளை. சாப்பாட்டுக்கு முள்கரண்டி கிடையாது. நான்கைந்து பேர் சேர்ந்தால் ஒரு கொப்பரையைப் பங்கு போட்டு வாங்கலாம். வெளிச்சத்துக்கு மாட்டுக்கொம்பைச் சீவி மெல்லிய தகடாக்கி வைத்த விளக்குக் கூடு கிடைக்கிறது, விலை அதிகம், ஆனால் அந்த மஞ்சள் ஒளிக்கு ஈடு இல்லை.

சமையலில் நம் ஆட்கள் கவனமாக இருக்க வேண்டும். தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் மூன்றும் அமெரிக்காவிலிருந்து வந்தவை, கொலம்பஸுக்கு முன்னால் ஐரோப்பாவில் கிடையாது. மிளகு உண்டு. மலபார்க் கரையிலிருந்து அரபு, வெனிஸ் வியாபாரிகள் கை மாறி வடக்கே வரை போனது. விஸ்பி, ஹன்சா என்ற வட ஐரோப்பிய வணிகக் கூட்டணியைச் சேர்ந்த நகரம், மதிலுக்கு உள்ளே இருந்த வியாபாரி வீட்டில் மிளகு மணந்திருக்கும். மதிலுக்கு வெளியே நின்றவன் பார்லிக் கஞ்சி, ரை ரொட்டி, பட்டாணி, உப்புப் போட்ட மீன், வெண்ணெய் என்று சாப்பிட்டிருப்பான். வெங்காயமும் பட்டாணியும் சேர்த்து நீண்ட நேரம் கொதிக்கவைத்த கூழ் நம் நாக்குக்கும் நன்றாகவே பிடிக்கும்.

புறப்படுவதற்கு முன் ஏற்பாட்டாளர்களின் விதிகளைப் படியுங்கள். நெருப்பு எங்கே மூட்டலாம், ஆயுதம் எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். ஸ்வீடனில் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதற்குச் சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது, கப்பலிலும் பேருந்திலும் எல்லாவற்றையும் பெட்டிக்குள் கட்டிவையுங்கள். உப்புக்காற்றில் ஒரே இரவில் இரும்பு சிவக்கும். தகட்டுக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் ஒரு கந்தல் துணியும் போதும். வளையச் சட்டைக்கு, 14ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டோவர் கோட்டைப் பட்டியலில் கவசம் உருட்டுவதற்கென்றே ஒரு பீப்பாய் குறிக்கப்பட்டிருக்கிறது. மூடியுள்ள வாளியில் சட்டையோடு உலர்ந்த மணலைப் போட்டுத் தோட்டத்தில் கொஞ்ச நேரம் உருட்டுங்கள். உதறி, துடைத்து, எண்ணெய் தொட்டுவிட்டால் அடுத்த ஆகஸ்ட் வரை கவலையில்லை.